பாட்டு போன வழியும் ஆள் போன வழியும்

ஸ்ரீவில்லிபுத்தூரில் மார்கழி பிறந்துவிட்டால் ஆழ்வார் பாட்டை மூன்று விதமாகக் கேட்கலாம். விடியலில் ஆண்டாள் சந்நிதியில் அத்யாபகர்கள் கோஷ்டியாக நின்று திருப்பாவை சேவிப்பார்கள். அதில் ராகம் என்று பிரித்துச் சொல்ல ஒன்றுமில்லை. மூச்சும் சந்தமும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு போகிற ஒரு நடை. வெளியே கடைத்தெரு ஒலிபெருக்கியில் எம்.எல். வசந்தகுமாரியின் குரலில் அதே முப்பது பாசுரங்கள் நாட்டையில் தொடங்கிச் சுருட்டியில் முடியும். மூன்றாவது விதம் பகல்பத்து, இராப்பத்து நாட்களுக்கு உரிய அரையர் சேவை.

அரையரைப் பார்த்திராதவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தலையில் கூம்பு வடிவக் குல்லாய். அதிலிருந்து காதுகளை மூடித் தொங்கும் இரண்டு மடல்கள். கழுத்தில் பெருமாள் சாத்திக் களைந்த மாலை. இரு கைகளிலும் சிறிய வெண்கலத் தாளம். மிருதங்கம் கிடையாது, சுருதிப்பெட்டி கிடையாது. ஒரு பாசுரத்தை முதலில் இசையோடு பாடுவார். பிறகு அதே அடிகளுக்கு அபிநயம் பிடிப்பார். அதன் பிறகு தம்பிரான்படி என்று வழங்கும் வியாக்கியானத்தை, தலைமுறை தலைமுறையாக ஓலையிலும் மனத்திலும் வைத்திருந்த உரைநடையை, ஒப்பிப்பார். முத்துக்குறி என்ற பகுதியில் மகளின் நோய் இன்னதென்று தெரியாமல் தாய் தவிக்கிறாள். கட்டுவிச்சி முத்துகளைப் பரப்பிக் குறி சொல்கிறாள். தாய், மகள், கட்டுவிச்சி மூவரும் அந்த ஒரே அரையர்தான். ஒப்பனை மாற்றம் இல்லை, திரை இல்லை. குரலும் கையும் மாறுவதிலேயே ஆள் மாறிவிடுகிறார். இப்படி ஒரு கலை இன்று மரபாக நிகழ்வது ஸ்ரீரங்கம், ஸ்ரீவில்லிபுத்தூர், ஆழ்வார்திருநகரி, கர்நாடகத்து மேல்கோட்டை ஆகிய நான்கு தலங்களில்.

இந்த மூன்றில் எது கடல் தாண்டிப் போனது என்பதுதான் என் கேள்வி. புலம்பெயர்ந்தோர் தம் இசையைக் காப்பாற்றுகிறார்கள் என்று விழா மேடைகளில் சொல்கிறோம். எதைக் காப்பாற்றுகிறார்கள், எதை இங்கேயே விட்டுவிட்டுப் போகிறார்கள், போன இடத்தில் எதைப் புதிதாகக் கையில் எடுத்துப் பரம்பரைச் சொத்து என்கிறார்கள் என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. அந்தக் கணக்கைப் பார்க்க ஆண்டாளின் ஊரைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. இங்கிருந்து பாட்டு ஒரு வழியில் போயிருக்கிறது, ஆட்கள் இன்னொரு வழியில் போயிருக்கிறார்கள். இரண்டும் ஒரே படகில் ஏறியது அபூர்வம்.

முதலில் பாட்டு. பாங்காக்கில் வாட் சுதாத் பௌத்தக் கோயிலுக்கு அருகே தேவஸ்தான் என்ற பிராமணக் கோயில் இருக்கிறது. முதலாம் ராமா மன்னர் பாங்காக்கைத் தலைநகராக்கிய சில ஆண்டுகளில், 1784-ல், கட்டியது. சிவனுக்கும் பிள்ளையாருக்கும் திருமாலுக்கும் தனித்தனி மண்டபங்கள். எதிரே சிவப்புச் சாயம் பூசிய பெரிய தேக்கு ஊஞ்சல் சட்டம். பழைய மரம் உளுத்துப்போனதால் 2007-ல் புதிய தேக்கில் நிறுத்தினார்கள். அரசவைப் பிராமணர்கள் ஆண்டுதோறும் இங்கே நடத்தும் சடங்குக்குத் திரியம்பாவாய் – திரிபாவாய் என்று பெயர். முதல் பகுதி சிவன் பூமிக்கு வந்து பத்து நாள் தங்குவதற்கு. இரண்டாவது பகுதி திருமால் ஐந்து நாள் வந்து போவதற்கு. சடங்கின் இறுதியில் தெய்வ உருவங்களை அன்ன வடிவச் சிறு ஊஞ்சலில் வைத்துப் பாடி ஆட்டுவார்கள். ஒரு காலத்தில் பெரிய ஊஞ்சலில் இளைஞர்கள் உயர உயர ஆடி, கம்பத்தில் தொங்கும் காசுப்பையைப் பல்லால் கவ்வுவார்கள். விபத்துகளுக்குப் பிறகு அது 1930களில் நின்றுபோனது. குவாரிச் வேல்ஸ் 1931-ல் சயாம் அரசச் சடங்குகளைப் பற்றி எழுதிய நூலில் இதன் விவரிப்பு இருக்கிறது.

அந்தப் பிராமணர்களிடம் இருந்த சுவடிகள் கிரந்த எழுத்தில் இருந்தன. ஓதியவர்களுக்கு அது மந்திரம்; எந்த மொழி என்பது அவர்களுக்கு முக்கியமாக இருக்கவில்லை. பாண்டிச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கிய ழான் ஃபிலியோசா, லண்டன் பேராசிரியர் ஜான் மார் போன்றவர்கள் அவற்றைப் பார்த்தபோது உள்ளே தேவாரமும் திருவெம்பாவையும் கிடந்தன. சடங்கின் முதற்பெயர் திருவெம்பாவையிலிருந்தும் இரண்டாவது பெயர் திருப்பாவையிலிருந்தும் வந்தவை என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரும் தில்லையும் ஒன்றாகக் கப்பலேறிய கதை இது. தென்னிந்தியாவிலிருந்து தாய்லாந்தின் தென்கரைக்கு வந்து, நக்கோன் சி தம்மராட் வழியாக அரசவைக்குச் சென்ற குடிகளின் வழித்தோன்றல்கள், தமிழ் பேசுவதை எத்தனையோ தலைமுறைக்கு முன்பே விட்டுவிட்டார்கள். பாடுவதை விடவில்லை. உச்சரிப்பு தாய் மொழியின் குரலேற்றங்களுக்குள் கரைந்துவிட்டது. நம்மூர் ஓதுவாரோ அத்யாபகரோ கேட்டால் ஓரிரு சொல்லைத் தவிர எதுவும் பிடிபடாது.

நம் ஆட்கள் இதைச் சொல்லும்போது குரலில் ஒரு பெருமிதம் ஏறிவிடும். தமிழ் அங்கே ஆள்கிறது என்ற தொனி. எனக்கு இதில் பெருமையைவிட வேறொன்று முக்கியமாகப் படுகிறது. பொருள் போன பிறகும் பாட்டு நின்றதற்குக் காரணம் மொழிப்பற்று அல்ல. இன்ன மாதம், இன்ன நாள், இன்ன குடியைச் சேர்ந்தவர் இதை ஓதியாக வேண்டும் என்ற கடமையும், அதற்கு அரண்மனை கொடுத்த சம்பளமும்தான் காரணம். பாட்டுக்கு ஒரு முறை இருந்தது. முறை இருந்தவரை பாட்டு இருந்தது.

*

இனி ஆட்கள். 1910-ல் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களிலிருந்து பகுதிகளைப் பிரித்து ராமநாதபுரம் மாவட்டத்தை உண்டாக்கினார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரும் ராஜபாளையமும் அதற்குள் வந்தன. 1985-ல் தனி மாவட்டமாகும்வரை இந்த ஊர்கள் ராம்நாடுதான். இலங்கை மலையகத்துக்கும் மலேயாவுக்கும் கங்காணிகள் ஆள் திரட்டிய வறண்ட மாவட்டங்களில் ராம்நாடும் ஒன்று. மதுரை, திருநெல்வேலி, திருச்சி, சேலம் மற்றவை. 1820களில் காப்பித் தோட்டங்களுக்குத் தொடங்கிய போக்குவரத்து பிறகு தேயிலைக்குத் தொடர்ந்தது. 1914-ல் தனுஷ்கோடி – தலைமன்னார் ரயில், கப்பல் இணைப்பு வருவதற்கு முன் தலைமன்னார்க் கரையில் இறங்கி மாத்தளைவரை காட்டு வழியே நடந்தார்கள். வழியிலேயே செத்தவர்கள் ஏராளம்.

அப்படிப் போனவர்கள் திருப்பாவையைக் கொண்டு போகவில்லை. கொண்டு போகும்படியாக அது அவர்களிடம் இருந்ததில்லை. ஆண்டாள் கோயிலின் பதினோரு நிலைக் கோபுரம் வயற்காட்டிலிருந்து தெரியும். ஆனால் உள்ளே நிகழும் கோஷ்டியில் அவர்களுக்கு இடமில்லை. 1939-க்கு முன்பு தாழ்த்தப்பட்ட சாதியினர் பெருங்கோயில்களுக்குள் நுழையவே முடியாது. நம் பாரம்பரியம் என்று நாம் ஒருமையில் பேசும்போது இந்தச் சுவர் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது.

அவர்கள் கொண்டு போனது தப்பு, கும்மி, ஒப்பாரி, தாலாட்டு, மாரியம்மன் தாலாட்டு, பொன்னர் சங்கர் கதை, அருச்சுனன் தபசு, எல்லாவற்றுக்கும் மேலாகக் காமன் கூத்து. மாசி மாதத்தில் லயம் எனப்படும் தோட்டக் குடியிருப்பின் முற்றத்தில் காமன் கம்பம் நடுவார்கள். மன்மதனும் ரதியும் வேடம் கட்டி வீடு வீடாக வருவார்கள். சிவன் நெற்றிக்கண்ணால் மன்மதனை எரிப்பான், ரதி புலம்புவாள். தமிழ்நாட்டில் காமன் பண்டிகையும், எரிந்த கட்சி எரியாத கட்சி என்று இரண்டாகப் பிரிந்து விடிய விடிய நடந்த லாவணியும் பெரும்பாலான ஊர்களில் வயதானவர்களின் பேச்சில் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. மலையகத் தோட்டங்களில் காமன் கூத்து இன்றும் மக்கள் தாங்களே கூடி நடத்தும் கூத்தாக இருக்கிறது. நேர்த்திக்கடனாக ரதி வேடம் கட்டுகிறவர்கள் உண்டு. அது வழிபாடு, அதனால்தான் நின்றது. காலையில் தப்படித்துத்தான் ஆட்களைப் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்கு, கூப்பிட்டார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதே தோல், அதே கை. காலையில் துரைக்கு, இரவில் காமனுக்கு. சி.வி. வேலுப்பிள்ளை 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்று தொகுத்த நூலில் அந்த உலகத்தின் குரல் அகப்படுகிறது. தோட்டத்து அதிகாரியையும் கங்காணியையும் கிண்டல் செய்யும் பாட்டுகளை அங்கே பார்க்கலாம். அவை ஊரிலிருந்து கொண்டு போனவை அல்ல, போன இடத்தில் முளைத்தவை. புலம்பெயர் மரபு என்றால் மூட்டை கட்டிக் கொண்டுபோன பொருள் என்று நினைப்பவர்கள் இவற்றை எந்தப் பட்டியலில் சேர்ப்பார்களோ தெரியவில்லை.

மற்ற கரைகளிலும் ஏறத்தாழ இதே கதை. சென்னையிலிருந்து போன ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16-ல் டர்பனில் இறக்கிய ஒப்பந்தக் கூலிகளின் வழியினர் தெருக்கூத்தை வைத்திருந்தார்கள். தென்னாப்பிரிக்காவில் அதற்குச் சிக்ஸ் ஃபுட் என்றே பெயர். ரெயூனியன் தீவில் பால் தமூல் என்ற பெயரில் கூத்து நடக்கிறது. அங்கே தமிழ் பேச்சுமொழியாக இல்லாமல் போய்விட்டது. கூத்துப் பாட்டை ரோமன் எழுத்தில் எழுதிய நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துப் பாடுகிறார்கள். பாங்காக்கின் கிரந்தச் சுவடியும் ரெயூனியன் நோட்டுப் புத்தகமும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. ஒன்றுக்கு அரண்மனை மரியாதை, இன்னொன்றுக்கு அது இல்லை.

ஆண்டாளின் பாட்டு நிலவழியாகவும் போனது. இதற்கு ராஜபாளையத்தைப் பார்க்க வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அரை மணிப் பேருந்துப் பயணத்தில் இருக்கும் இந்த ஊரின் ராஜுக்கள் விஜயநகரக் காலத்தை ஒட்டி ஆந்திரத்திலிருந்து வந்தவர்கள். இன்றும் வீட்டில் தெலுங்கு. சென்னை மாகாண முதல்வராக இருந்த பூ.ச. குமாரசாமி ராஜா இந்த ஊர்க்காரர். தெலுங்கர்கள் இங்கே வந்த அதே காலச் சூழலில் ஆண்டாள் அங்கே போனாள்: கிருஷ்ணதேவராயர் பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இயற்றிய ஆமுக்தமால்யதாவின் கதைக்களம் ஸ்ரீவில்லிபுத்தூர், கதை பெரியாழ்வாருடையதும் அவர் மகளுடையதும். இன்றும் மார்கழியில் திருமலையில் சுப்ரபாதத்துக்குப் பதிலாகத் திருப்பாவை சேவிக்கிறார்கள். தெலுங்கு எழுத்தில் அச்சிட்ட திருப்பாவையை வைத்துக்கொண்டு மாதம் முழுக்கப் பாடும் பெண்கள் ஆந்திரத்தில் லட்சக்கணக்கில் இருப்பார்கள். அவர்கள் யாரும் அதைப் புலம்பெயர்ந்த பாட்டு என்று சொல்வதில்லை. தங்கள் பாட்டு என்கிறார்கள். ஒரு பாட்டு முழுதாகக் குடிபெயர்ந்துவிட்டால் இப்படித்தான் ஆகும்.

*

இன்றைய அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் வளைகுடாவிலும் கேட்கும் திருப்பாவை பெரும்பாலும் ஒரே தலையூற்றிலிருந்து வருகிறது: அரியக்குடி ராமானுஜ அய்யங்கார் (1890–1967). முப்பது பாசுரங்களுக்கும் அவர் மெட்டமைத்தார். முதல் ஐந்தும் நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ. திருவையாற்றில் ஆராதனை நாளன்று தியாகையரின் பஞ்சரத்தினத்தைக் கேட்டவர்களுக்கு இந்த வரிசை உடனே புரியும். அதே ஐந்து கன ராகங்கள், அதே முறை. ஏழுக்குப் பைரவி, பத்துக்குத் தோடி, பதினேழுக்குக் கல்யாணி, இருபத்தெட்டுக்குக் காம்போதி, இருபத்தொன்பதுக்கு மத்தியமாவதி. ஒரு கச்சேரி மேதை கோயில் பாட்டை எடுத்துக் கச்சேரி இலக்கணத்துக்குள் நட்டுவைத்த வேலை இது. தேர்ச்சி அபாரம். அதன் விளைவாக இப்போது பலருக்கு மூன்றாம் பாசுரம் என்றால் ஆரபிதான். வேறு விதமாகவும் பாட முடியும் என்றே தோன்றாது. எம்.எல்.வி. அதைப் பாடி இசைத்தட்டு வந்தது. வானொலி மார்கழிக் காலைகளில் ஒலிபரப்பியது. காஞ்சிப் பெரியவர் தொடங்கிவைத்த திருப்பாவை – திருவெம்பாவை இயக்கம் பள்ளிகளில் ஒப்பித்தல் போட்டிகளாகப் பரவியது. மேல்நாட்டு வேலைக்குப் போன தலைமுறை இந்தக் காற்றில் வளர்ந்தது.

அவர்கள் போன இடத்தில் கோயில் கட்டினார்கள். பிட்ஸ்பர்க்கில் வேங்கடேசுவரர் கோயில் 1970களின் நடுவில் எழுந்தது. நியூயார்க் ஃப்ளஷிங் பிள்ளையார் கோயிலின் குடமுழுக்கு 1977-ல். கிளீவ்லாந்தில் 1978-ல் சிறிய அளவில் தொடங்கிய தியாகராஜ ஆராதனை இன்று இந்தியாவுக்கு வெளியே நடக்கும் மிகப் பெரிய கர்நாடக இசை விழா. கிளீவ்லாந்து விழாக்காரர்கள் தமிழ்நாட்டு ஆசிரியர்களைக் கொண்டு அமெரிக்கப் பிள்ளைகளுக்கு மாதக்கணக்கில் பயிற்சி கொடுத்து மேடையேற்றும் திட்டமும் வைத்திருக்கிறார்கள். வாரக் கடைசி வகுப்புகளில் பிள்ளைகள் திருப்பாவையை ஆங்கில எழுத்தில் எழுதிக் கற்கிறார்கள். ழகரம் சிரமப்படும். இதைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. ரெயூனியன் நோட்டுப் புத்தகத்தின் மறு அவதாரம் இது, அவ்வளவே.

ஒன்று மட்டும் தனியாகச் சொல்லத்தக்கது. திருப்பாவை பெண்பிள்ளைகள் நோன்பிருந்து தோழியரை எழுப்பிப் பாடும் பாட்டு. எழுதியவள் பெண். ஆனால் சந்நிதியில் அதைச் சேவிக்கும் கோஷ்டி ஆண்களுடையது, அரையரும் ஆண். ஆண்டாளின் ஊரிலேயே பெண் குரலுக்கு இடம் வீடும் மேடையும் ஒலிபெருக்கியும்தான். புலம்பெயர்ந்த கோயில்களின் மண்டபத்திலோ மார்கழிச் சனிக்கிழமைக் காலையில் பாவாடை சட்டைச் சிறுமிகள் வரிசையாக உட்கார்ந்து மூலவர் எதிரிலேயே பாடுகிறார்கள். மரபைக் காப்பாற்றப் போனவர்கள் மரபை மாற்றியிருக்கிறார்கள். பாட்டின் பொருளோடு வைத்துப் பார்த்தால் மாற்றம்தான் மூலத்துக்கு நெருக்கமாகத் தோன்றுகிறது.

*

இந்த இடத்தில் பிலிப்பினோக்களின் அனுபவத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது பயன் தரும். அவர்களும் நம்மைப் போலவே கரும்புத் தோட்டத்தில் தொடங்கியவர்கள். 1906 டிசம்பரில் ஹவாய்த் தோட்டத்துக்குப் பதினைந்து பேர் போய் இறங்கினார்கள். சகடா என்று அழைக்கப்பட்ட இந்தக் கூலிகளில் பெரும்பாலோர் லூசோன் தீவின் வடக்கே இலோகோஸ் பகுதியினர், கத்தோலிக்கர்கள். ஸ்பானியர் ஆண்ட முந்நூறு ஆண்டுகளில் கிதாரையும் மந்தோலின் போன்ற பந்தூரியாவையும் தம்முடையதாக்கிக்கொண்டவர்கள். ரோந்தாயா என்ற தந்தி வாத்தியக் குழுதான் அவர்கள் ஊர் இசை.

எழுபதுகளுக்குப் பிறகு அமெரிக்காவில் பிறந்த பிலிப்பினோ இளைஞர்கள் தம் வேர் எது என்று தேடியபோது கையில் எடுத்தது ரோந்தாயாவை அல்ல, குலிந்தாங்கை. எட்டுக் குமிழ்ச் சேகண்டிகளைச் சட்டத்தில் வரிசையாகப் படுக்கவைத்து இரண்டு கோல்களால் வாசிக்கும் வாத்தியம். கூடவே தொங்கும் பெரிய அகுங்கு, நான்கு கந்திங்கான், தபாக்கான் முரசு, நடையைப் பிடித்துக்கொடுக்கும் சிறிய பபந்தில். இது தெற்கே மிந்தனாவோவில், ஸ்பானியருக்குப் பணியாத முஸ்லிம் சமூகங்களுடைய இசை. சகடாக்களின் தாத்தா பாட்டி அதைக் கேட்டே இருக்கமாட்டார்கள். கேட்டிருந்தாலும் அன்னியருடையது என்றிருப்பார்கள். பேரப்பிள்ளைகளுக்கு அதன் கவர்ச்சியே அதுதான்: காலனி ஆட்சியின் கைபடாத ஓசை.

இதில் குற்றம் காண்பது எளிது. ஆனால் அடுத்து நடந்ததைக் கவனிக்க வேண்டும். வாஷிங்டன் பல்கலைக்கழகம் 1976-ல் மகிந்தனாவோ இசைஞர் தனோங்கன் கலந்துயானை நேராக வரவழைத்தது. 1947-ல் பிறந்து, குடும்பத்திலேயே வாசிப்பைக் கற்றவர். அவர் பிறகு சான் பிரான்சிஸ்கோவில் நிலைத்து, 2016-ல் இறக்கும்வரை, பலபுனியான் என்ற குழுவை நடத்தியும் ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக்கொடுத்தும் காலத்தைக் கழித்தார். 1995-ல் அமெரிக்க அரசு நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு வழங்கும் உயர்ந்த விருதைக் கொடுத்தது. யாருடைய மரபு என்ற கேள்வி மாணவர்கள் முன் வந்து நின்றது, ஏனென்றால் மரபுக்கு உரியவர் எதிரே உட்கார்ந்திருந்தார். மேடைக்காகப் பளபளப்பாக்கிய வடிவம் எது, ஊரில் கல்யாணத்தில் வாசிப்பது எது என்று அவரால் சொல்ல முடிந்தது. 1957-ல் தொடங்கிய பயானிஹான் நடனக் குழு உலகெங்கும் காட்டிய அழகுபடுத்திய பிலிப்பைன்ஸைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்தத் திருத்தம் அவசியமாக இருந்தது.

ஊரில் நிலைமை என்ன? இஃபுகாவோ மலைப்படி வயல்களில் நாற்று, அறுவடைக் காலங்களிலும் இழவு வீட்டிலும் மூத்த பெண்கள் முன்னின்று பாடும் ஹுத்ஹுத் என்ற நெடும்பாட்டை யுனெஸ்கோ 2001-ல் மனிதகுலத்தின் அருஞ்செல்வம் என்று அறிவித்தது. கையறுவடை குறைந்தது, கிறிஸ்தவம் சடங்குகளை மாற்றியது. பாட வேண்டிய நாளே இல்லாமல் போனால் அறிவிப்புப் பத்திரத்தால் என்ன செய்ய முடியும்? இப்போது பள்ளிகளில் சொல்லிக்கொடுக்கிறார்கள். பாட்டு இருக்கிறது, அறுவடை வேறு விதமாக நடக்கிறது.

நம்மிடம் குலிந்தாங்குக்கு நேரான வாத்தியம் பறை. வட அமெரிக்கத் தமிழ்ச் சங்கப் பேரவையின் மாநாடுகளில் கணினித் துறை ஆண்களும் பெண்களும் வரிசைகட்டிப் பறையடிப்பதை இப்போது பார்க்கலாம். தமிழின் ஆதி இசை என்று முழங்குகிறார்கள். அவர்களில் பலருடைய தாத்தா பறையைத் தொட்டிருக்கமாட்டார். பறையடித்தவரைத் திண்ணைக்கு ஏற்றியிருக்கவும் மாட்டார். ராம்நாட்டுக் கிராமங்களில் இழவுக்குப் பறையடிப்பது சாதி சுமத்திய ஊழியமாக இருந்தது, அதை விட்டொழிப்பதே சுயமரியாதை என்று நின்ற குடும்பங்கள் உண்டு. மலையகத்திலும் தப்பைத் தொடத் தயங்கிய இளைஞர்கள் இந்தக் காரணத்தால்தான் தயங்கினார்கள். அதே வாத்தியம் டல்லாஸில் பெருமையின் சின்னமாகும்போது, பாதி நியாயமும் பாதி மறதியும் சேர்ந்தே ஒலிக்கின்றன. அலங்காநல்லூர் வேலு ஆசான் போன்றவர்கள் எந்தச் சாதியினருக்கும் பறையைச் சொல்லிக்கொடுத்தார்கள். 2025-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. மறதியை மட்டுப்படுத்த எதிரே உட்கார்ந்திருக்கும் ஆசானைத் தவிர வேறு மருந்து எனக்குத் தெரியவில்லை.

*

மீண்டும் அரையருக்கு வருகிறேன், ஏனென்றால் இந்த முழுக் கணக்கிலும் எங்கும் போகாதது அவர் கலைதான்.

குருபரம்பரைக் கதைப்படி ஆழ்வார் பாட்டுகளின் தொகுப்பான நாலாயிரமே ஒரு காலத்தில் தொலைந்துபோயிருந்தது. காட்டுமன்னார்கோயிலில் நாதமுனிகள் யாத்திரிகர்கள் சிலர் பாடிய பத்துப் பாசுரங்களைக் கேட்டு, மீதிப் பாட்டைத் தேடிக் குருகூருக்கு, அதாவது ஆழ்வார்திருநகரிக்கு, போனார். கிடைத்ததை இயலும் இசையுமாகப் பிரித்துத் தம் மருமக்களான கீழையகத்தாழ்வானுக்கும் மேலையகத்தாழ்வானுக்கும் கற்பித்தார். அரையர்கள் தங்கள் வழியை அங்கிருந்து சொல்கிறார்கள். ஊர் விட்டு ஊர் போனவர்கள் வாயில் தங்கிய பாட்டுதான் முழு நூலையும் மீட்டுக் கொடுத்தது என்று ஒரு மரபு தன் தொடக்கத்தையே சொல்லிக்கொள்வது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அந்த மரபின் இசை மட்டும் ஊர் விட்டு நகரவில்லை. இது பெருமாள் முன்னால், முறை வந்த நாளில், உரிமையுள்ள குடியில் பிறந்த ஆண், குல்லாயும் மாலையும் சாத்திக்கொண்டு நிகழ்த்த வேண்டியது. சபாவில் பாட எழுதப்பட்டதல்ல. அதற்கு ஸ்வரக் குறிப்பு எழுதினாலும் அபிநயத்தையும் தம்பிரான்படியின் ஏற்ற இறக்கத்தையும் எழுத முடியாது.

பாங்காக் பிராமணர்களுக்கும் இதே நிபந்தனைகள் இருந்தன: குடி, நாள், சந்நிதி. அவர்களைக் குடும்பத்தோடு ஓர் அரசு ஆதரித்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் அரையர் குடும்பத்துப் பிள்ளைகளோ எல்லாப் பிள்ளைகளையும் போலக் கல்லூரிக்கும் வேலைக்கும் போக வேண்டிய காலம் இது. ஆண்டில் சுமார் இருபது நாள் நிகழும் சேவைக்காகச் சிறுவயதிலிருந்தே ஆயிரக்கணக்கான அடிகளையும் உரையையும் மனப்பாடம் செய்ய ஒரு பையனிடம் என்ன சொல்லி உட்காரவைப்பது?

வெளியிலிருந்து ஒருவர் முயன்றார். ஸ்ரீராம பாரதி அரையர்களிடம் போய்க் கற்றார். நாலாயிரத்தையும் ஆங்கிலத்தில் பெயர்த்தார். அரையர் சேவையைப் பற்றி நூல் எழுதினார். மனைவி சௌபாக்கிய லட்சுமியோடு சேர்ந்து பாடியும் கற்பித்தும் வந்தார். 2000-ல் அவர் இறந்தபோது அந்த முயற்சி பெரும் இழப்பைச் சந்தித்தது. அவர் காட்டியது ஒன்று உண்டு: அரையர் இசையைக் குடிக்கு வெளியே ஒருவரால் கற்க முடியும். அதைக் கோயிலுக்குள், பகல்பத்து மண்டபத்தில், மரியாதையோடு அவரால் நிகழ்த்த முடியுமா என்பது வேறு விஷயம்.

வெளிநாட்டுத் தமிழர்கள் ஊர்க் கோயிலுக்குக் குடமுழுக்கு நிதி அனுப்புகிறார்கள், தேருக்கு வடம் வாங்கித் தருகிறார்கள். அதில் ஒரு சிறு பங்கை வைத்து ஸ்ரீவில்லிபுத்தூரில் இரண்டு மூன்று மாணவர்களுக்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குச் சம்பளமும் படிப்புச் செலவும் கொடுத்து அரையரிடம் சேர்க்கலாம். கலந்துயானுக்கு வாஷிங்டன் பல்கலைக்கழகம் கொடுத்ததைவிட அது பெரிய தொகையாக இராது. பணம் வந்த மறுநாளே எழும் சச்சரவையும் இப்போதே சொல்லிவிடலாம்: அந்தக் குடியில் பிறக்காத பையன் கற்று முடித்து நின்றால், அவன் தலையில் குல்லாயைச் சாத்தச் சந்நிதி சம்மதிக்குமா? பெண்பிள்ளை கேட்டு வந்தால்? அதற்கான பதில் கிளீவ்லாந்திலோ டல்லாஸிலோ இல்லை. அறநிலையத் துறையும் கோயிலில் தீர்த்த மரியாதைக்கு உரிய தீர்த்தக்காரர்களும் அரையர் குடும்பங்களும் ஒன்றாக உட்கார்ந்து பேசியாக வேண்டும்.